டீச்சர் அப்பத்தா

அன்னை மரியாவின் பெற்றோராகிய புனித சுவக்கின், புனித அன்னா ஆகியோரைத் திருச்சபை ஆண்டுதோறும் சூலை 26ஆம் நாள் நினைவுகூருகின்றது. அத்திருநாளை ஒட்டி வரும் சூலை மாத நான்காம் ஞாயிற்றைத் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டில் ஏற்படுத்தினார். அந்த ஞாயிறன்று பங்கு மக்கள் தம் இல்லத்து முதியோரைக் கைப்பிடித்து ஆலயத்துக்கு அழைத்து வருவதைக் காண்பது கண்ணுக்கு நிறைவு. பேரனின் தோளைப் பற்றியபடி சிலரும், சக்கர நாற்காலியில் சிலரும் வந்து முன்வரிசையில் அமர்கின்றனர். அவர்களுக்குத் துண்டு போர்த்தி, ஆசி கூறி, மறையுரையும் ஆற்றுகிறேன். ஆனால் ஒருமுறையேனும் அந்த மறையுரையில் என் சொந்தப் பாட்டியைப் பற்றி நான் பேசியதில்லை. அவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கும் என்பதே காரணம். அதை இங்கே எழுதிவிடத் துணிந்தேன்.

திருத்தூதர் பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் தொடக்கத்தில், அவருடைய நம்பிக்கை முதலில் அவர் பாட்டி லோயியிடமும், பின்னர் தாய் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்தது என்று நினைவூட்டுகிறார். புதிய ஏற்பாடு முழுவதிலும் 'பாட்டி' என்ற சொல் இந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. அதே திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில், திமொத்தேயு குழந்தைப் பருவம் முதலே மறைநூலை அறிந்தவர் என்கிறார் பவுல். அவருடைய தந்தை கிரேக்கர் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. அப்படியானால் அக்குழந்தைக்கு மறைநூலைக் கற்பித்தவர் யார்? தாயும் பாட்டியுமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆக, விவிலியத்தில் பெயர் சொல்லிப் போற்றப்படும் ஒரே பாட்டி, ஆசிரியையாகவும் விளங்கியவர் என்று கொள்வதில் பிழையில்லை. குருமடத்தில் இப்பகுதியைப் படித்த நாளில் என் மனம் வகுப்பறையை விட்டு வலையபட்டிக்குப் போய்விட்டது.

வலையபட்டி என்றதும் இசையன்பர் பலருக்குத் தவில் மேதை ஏ. ஆர். சுப்பிரமணியம் நினைவுக்கு வருவார். எனக்கு நினைவுக்கு வருவது ஓர் ஈராசிரியர் பள்ளி. செட்டிநாட்டுச் செம்மண் பூமியில், ஓட்டுக்கூரையின் கீழ், ஐந்து வகுப்புகளும் இரண்டு அறைகளில் அடங்கிய பள்ளி. அதில் என் தந்தையின் தாயார், என் அப்பத்தா, ஆசிரியையாக இருந்தார்கள். மதுரையில் கன்னியர் நடத்திய பயிற்சிப் பள்ளியில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள். இளமையிலேயே கணவரை இழந்தவர்கள். என் தந்தைக்கு வெளிமாநிலத்தில் வேலை. எனவே என்னை அப்பத்தாவிடம் விட்டிருந்தனர். 1976ஆம் ஆண்டு, ஆறாம் வயதில், நான் அந்தப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் நாளே ஒரு பாடம். சிலேட்டுக் குச்சி உடைந்ததும், "அப்பத்தா!" என்று கூப்பிட்டேன். வகுப்பே சிரித்தது. அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று முறை கூப்பிட்டேன். பக்கத்தில் இருந்த பையன் காதில் சொல்லிக் கொடுக்க, "டீச்சர்" என்றேன். உடனே திரும்பினார்கள். "அப்பத்தா வீட்டுல. இங்கே எல்லாருக்கும் நான் டீச்சர். உனக்கு மட்டும் தனியா ஒண்ணும் இல்லை" என்றார்கள். அன்றிரவு வீட்டில் என்னை மடியில் கிடத்தி, தலையில் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டு, செபமாலையை முடித்தபின் மெல்லச் சொன்னார்கள்: "பள்ளிக்கூடத்துல உனக்குன்னு எதுவும் கூடுதலாக் குடுத்தா, அது இன்னொரு பிள்ளைகிட்ட இருந்து எடுத்ததா இருக்கும்யா."

நாங்கள் குடியிருந்தது ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில். அத்தகைய வீடுகளை அறிந்தவர்கள் அறிவார்கள்: தேக்குத் தூண்கள் நிற்கும் முகப்பு, சுற்றிலும் அறைகள் கொண்ட வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடு, ஆனால் குடியிருப்பவர் ஒரு வயதான ஆச்சி மட்டுமே. நகரத்தார் பெருமக்கள் கடல் கடந்து வாணிகம் செய்து ஈட்டிய செல்வம் அவ்வீடுகளில் கல்லாகவும் மரமாகவும் நின்றது. 1930களின் உலகப் பொருளாதார நெருக்கடியில் கடனைத் திருப்ப முடியாத பர்மா உழவர்களின் நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. அந்தப் பத்தாண்டின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் அவர்களுடையதாயிற்று. 1942இல் யப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தது. போருக்குப் பின் பர்மா விடுதலை பெற்று, நிலங்கள் நாட்டுடைமையாயின. திரும்பி வராத கடன்கள் பேரேடுகளில் மட்டும் எஞ்சின.

அந்தப் பேரேடுகளைத்தான் ஆச்சி அப்பத்தாவுக்குக் கொடுத்தார். ஒரு பக்கம் எழுதி மறுபக்கம் வெறுமையாய்க் கிடந்த தாள்களை அப்பத்தா பக்குவமாகப் பிரித்து, ஊசி நூலால் தைத்து, நோட்டு வாங்க வழியற்ற பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். முன்பக்கத்தில் ரங்கூன் கணக்கு. பின்பக்கத்தில் எங்கள் அகர வரிசை. "ஆச்சி, இதெல்லாம் வர வேண்டிய பணமாச்சே" என்று அப்பத்தா ஒருமுறை கேட்டார்களாம். "வராத பணம் டீச்சர். பிள்ளைகளாவது எழுதட்டும்" என்றாராம் அந்த அம்மையார். மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் கற்பித்த செபத்தில் 'பாவம்' என்று நாம் சொல்லும் இடத்தில் கிரேக்க மூலத்தில் நிற்கும் சொல்லுக்குக் 'கடன்' என்றே பொருள் என்று பின்னாளில் கற்றேன். அது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. தள்ளுபடியான கடனின் முதுகில் எழுதிப் படித்தவன் அல்லவா நான்!

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, 1978ஆம் ஆண்டு, தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தது. பெரியார் ஈ.வெ.ரா. தம் 'குடியரசு' இதழில் 1935 முதல் கையாண்ட முறையில் 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. ணை, லை, ளை, னை ஆகியவை தம் துதிக்கையை இழந்தன. ணா, றா, னா ஆகியவை தம் சுழியை விட்டுத் துணைக்காலைப் பெற்றன. அரும்பாடுபட்டுத் துதிக்கை போடப் பழகியிருந்த எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது. தலைமையாசிரியர், "டீச்சர், நீங்க கோயிலுக்குப் போறவங்க. சாமி இல்லேன்னு சொன்னவரோட எழுத்தைச் சொல்லிக் குடுக்கலாமா?" என்று வேடிக்கையாகக் கேட்டார். அப்பத்தா சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது: "எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் பிரிச்சுத் திருத்தினவர் எங்க வீரமாமுனிவர். இதைத் திருத்தினவர் பெரியார். பிள்ளைக்கு எது லேசோ அது நல்ல எழுத்து சார்."

ஆனால் தாம் எழுதும் கடிதங்களில் மட்டும் கடைசி வரை பழைய வடிவத்தையே எழுதினார்கள். "என் கை பழகிப்போச்சு. பிள்ளைகள் கை பழகலையே" என்பார்கள். தம் பழக்கத்தைத் தம்மோடு நிறுத்திக்கொண்டு, அடுத்த தலைமுறையின் மேல் சுமத்தாத அந்தப் பெருந்தன்மை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அப்பத்தாவின் வகுப்பில் இருக்கை முறை ஒன்று உண்டு. பெஞ்சு கிடையாது; தரையில் வரிசையாக அமர்வோம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதல் வரிசை கடைசிக்குப் போகும். மற்ற வரிசைகள் ஒவ்வொன்றாக முன்னே நகரும். உயரம், மதிப்பெண், தெரு, வீடு எதுவும் கணக்கில்லை. தண்ணீர்ப் பானையிலிருந்து எல்லாருக்கும் மொண்டு ஊற்றும் முறையும் அப்படியே வாரத்துக்கு ஒருவராகச் சுழலும். அப்பத்தாவும் அந்தந்த வாரத்துப் பிள்ளை ஊற்றும் தண்ணீரையே குடிப்பார்கள். எங்களுக்கு அது ஒரு விளையாட்டாகவே இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு பழைய வரலாறு இருந்ததைப் பிறகே அறிந்தேன்.

வலையபட்டிக்கு வருமுன் வேறோர் ஊரில் பணியாற்றிய இளம் ஆசிரியையாக, வகுப்பில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் வாசல் ஓரமாக ஒதுங்கி அமர்ந்திருப்பதைக் கண்டு, இந்தச் சுழல் முறையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். இரண்டே வாரத்தில் பெரிய தெருப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டனர். கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகும்படி மேலிடத்தில் அறிவுரை வந்தது. அப்பத்தா எதிர்த்துப் பேசவில்லை. முறையை மாற்றவும் இல்லை. மீதமிருந்த பதினொரு பிள்ளைகளுக்கு அதே முறையில் பாடம் நடத்தினார்கள். இரண்டரை மாதம் கழித்து, தேர்வு நெருங்கியபோது, நிறுத்தப்பட்ட பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தனர். "சண்டை போட்டிருந்தா அவுகளும் சண்டை போட்டிருப்பாக. நான் பாடம் நடத்துனேன்" என்பதே இதைப் பற்றி அவர்கள் எனக்குச் சொன்ன விளக்கம். அழகிய ஆடை அணிந்து வருபவரை நல்ல இருக்கையிலும் ஏழையைக் காலடியிலும் அமர்த்துவதைப் புனித யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கடிந்துரைக்கிறார். அந்த அதிகாரத்துக்கு நான் படித்த விளக்கவுரைகள் பல. அப்பத்தாவின் திங்கட்கிழமையை விடத் தெளிவான விளக்கவுரை ஒன்றையும் நான் கண்டதில்லை.

இனி, நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

நான்காம் வகுப்பில் எனக்குப் புதுச் சிலேட்டு ஒன்று வாங்கித் தந்தார்கள். மறுநாளே அது என் கையிலிருந்து நழுவி இரண்டாய் உடைந்தது. அடிக்குப் பயந்து, பக்கத்தில் இருந்த தோழன் உடைத்துவிட்டதாகச் சொன்னேன். அவன் கண்மாய்க்கரைத் தெருவிலிருந்து வந்த தலித் சிறுவன். ஏன் அவனைச் சொன்னேன்? அவன் எனக்குப் பகையில்லை; சொல்லப்போனால், முதல் நாள் 'டீச்சர்' என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். அவன் பெயரைச் சொன்னால் எல்லாரும் நம்புவார்கள் என்று ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்திருந்தது. யாரும் எனக்கு அதைக் கற்பிக்கவில்லை, காற்றிலிருந்தே கற்றிருந்தேன். அவன் ஒன்றும் பேசாமல் நின்றான். அந்த மௌனத்தைப் பார்த்தே அப்பத்தாவுக்கு உண்மை புரிந்துவிட்டது. என்னை அடிக்கவில்லை. அவன் வைத்திருந்த பழைய சிலேட்டை வாங்கித் தள்ளிவைத்துவிட்டு, எனக்கு இன்னொரு புதுச் சிலேட்டு வாங்கும் காசில் அவனுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு முடியும் வரை நான் உடைந்த பாதியிலேயே எழுதினேன்.

1980ஆம் ஆண்டு அப்பத்தா ஓய்வுபெற்று, எங்கள் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். ஓய்வு என்பது பெயரளவில்தான். 1991இல் அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. கல்லுடைக்கும் பெண்களும் கூலிப் பெண்களும் எழுத்துக் கற்றார்கள், கூடவே சைக்கிளும் பழகினார்கள் என்ற செய்தி வந்தபோது, எழுபதை நெருங்கிய அப்பத்தா ஓர் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு மாலைதோறும் எங்கள் ஊரின் தெற்குத் தெருவுக்குப் போய்வரத் தொடங்கினார்கள். அது தலித் கத்தோலிக்க மக்கள் வாழும் தெரு. ஒரே கோயில், ஒரே நற்கருணை; ஆயினும் அவர்களுக்குத் தனித் தெரு, கல்லறைத் தோட்டத்தில் தனிப் பக்கம். இறந்தவரைச் சுமந்து செல்லும் ஊர்த் தூம்பாவை அவர்கள் தொடக்கூடாது. அப்பத்தா எங்கே போய்வருகிறார்கள் என்பது ஊராருக்குத் தெரியும். 'வயதான டீச்சர்' என்று விட்டுவிட்டனர்.

சிவகங்கை மறைமாவட்டம் 1987இல் உருவாயிற்று. அதே ஆண்டில் நான் குருமடத்தில் சேர்ந்தேன். 1998இல் குருத்துவத் திருநிலைப்பாடு பெற்றேன். முதல் திருப்பலி முடிந்த இரவில் அப்பத்தா என் கையில் ஒரு கடிதத்தைத் தந்தார்கள். பழைய எழுத்து வடிவில், கோடு பிசகாத கையெழுத்தில் ஒரே பக்கம். சுருங்கப் பிரசங்கம் செய்யவும், கேட்பவர்கள் களைத்து வந்தவர்கள் என்று எழுதியிருந்தார்கள். பூசைப் பணத்தை வாங்குமுன் அந்த வீட்டில் அன்று உலை ஏறியதா என்று விசாரிக்கவும் என்று எழுதியிருந்தார்கள். கடைசி வரி இது: "நான் செத்தால் என்னிடம் எழுத்துப் படித்தவர்கள் என் தூம்பாவைத் தூக்கட்டும். யார் யார் என்று பார்க்க வேண்டாம். நீ சொன்னால் கேட்பார்கள்."

நீ சொன்னால் கேட்பார்கள்.

2000ஆம் ஆண்டு, தவக்காலத்தில், அப்பத்தா இறைவனடி சேர்ந்தார்கள். செய்தி அறிந்து வலையபட்டியிலிருந்து பழைய மாணவர்கள் பதினான்கு பேர் பேருந்து ஏறி வந்தனர். என் சிலேட்டுத் தோழரும் வந்திருந்தார். கொத்தனாராகத் தொழில் செய்துகொண்டிருந்தார். தெற்குத் தெருவிலிருந்து அறிவொளியில் கையெழுத்துப் பழகிய பெண்களும் ஆண்களும் வந்து கோயில் வாசலில் நின்றனர். அடக்கத் திருப்பலியை நானே நிறைவேற்றினேன். கிறிஸ்துவில் யூதர் என்றும் கிரேக்கர் என்றும் வேறுபாடு இல்லை என்று புனித பவுல் கலாத்தியருக்கு எழுதியதைப் பற்றி மறையுரை ஆற்றினேன். கிறிஸ்துவின் மறையுடலைப் பற்றிய தேர்வில் குருமடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். மறையுரை நன்றாக இருந்தது என்று பின்னர் சிலர் சொன்னார்கள்.

திருப்பலி முடிந்து தூம்பாவை எடுக்கும் நேரம் வந்தது. தோழரும் வேறு மூவரும் முன்னே வந்தனர். ஊர்ப் பெரியவர் ஒருவர், எனக்கு உறவுமுறையில் பெரியப்பா, என் காதருகே குனிந்தார். "சாமி, ஊர் வழக்கம் ஒண்ணு இருக்கு. டீச்சரைச் சமாதானமா அனுப்பிவைப்போம். இன்னைக்கு ஒரு நாள் பிரச்சினை வேணாம்" என்றார். அனைவரும் என்னைப் பார்த்தனர். தோழரும் என்னைப் பார்த்தார். கடிதம் என் கட்டளைச் செபப் புத்தகத்துக்குள் இருந்தது. புத்தகம் என் கையில் இருந்தது. "வழக்கப்படியே ஆகட்டும்" என்றேன்.

பதினான்கு பேரும் ஒன்றும் பேசவில்லை. நான்காம் வகுப்பில் கண்ட அதே மௌனம். ஊர்வலத்தின் பின்னால், சற்று இடைவெளி விட்டு, கல்லறை வரை நடந்து வந்தனர். மண் தள்ளிய பின் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டனர். அன்று எந்தப் பிரச்சினையும் நிகழவில்லை. எல்லாம் அமைதியாக முடிந்தது. அந்த அமைதி இருபத்தைந்து ஆண்டுகளாக என்னை உறங்கவிடவில்லை.

மூன்று மாதம் கழித்து வலையபட்டிக்குப் போனேன். தோழர் ஒரு வீட்டில் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் செங்கல் அடுக்கின் மேல் துண்டை விரித்து உட்காரச் சொன்னார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன், கடிதத்தையும் காட்டினேன். அந்தப் பழைய துதிக்கை எழுத்துகளை அவர் விரலால் தடவிப் படித்தார். நெடுநேரம் கழித்து, "டீச்சர் இருந்திருந்தா உங்களை முட்டி போட வச்சிருப்பாக, சாமி" என்றார். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. இருவருக்கும் தெரிந்த ஓர் உண்மையைச் சொல்வது போலச் சொன்னார்.

பிறகு எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். சிலேட்டு உடைந்த அன்று இரவு அப்பத்தா அவர்கள் தெருவுக்குப் போயிருக்கிறார்கள். அவருடைய தாயாரிடம், "என் பேரன் உங்க மகன் மேல பொய் சொன்னான். அவனாப் புரிஞ்சு வந்து உங்ககிட்டச் சொல்ற வரைக்கும், அவனுக்காக நான் சொல்லிட்டுப் போறேன்" என்று சொல்லி, மண்தரையில் அமர்ந்து, அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகப் புரிந்துகொள்ளும் நாளுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, காணாமலே போய்விட்டார்கள். அந்தக் கடன் என் பெயரில் எழுதப்பட்டிருந்ததே எனக்குத் தெரியாது.

அன்று மாலை தோழருடன் அவர் வீட்டுக்குப் போனேன். தாயார் கண்பார்வை மங்கித் திண்ணையில் அமர்ந்திருந்தார். அவர் முன் அமர்ந்து, "ஆத்தா, அந்தச் சிலேட்டை உடைச்சது நான்தான்" என்றேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. மகன் விளக்கிச் சொன்னதும் பொக்கை வாயால் சிரித்து, "இதுக்கா சாமி இம்புட்டுத் தூரம் வந்திய?" என்றார். பிறகு என் தலையில் கைவைத்தார். நான் பலருக்குப் பாவமன்னிப்பு வழங்கியவன். அது எப்படிப் பெறப்படுகிறது என்பதை அந்தத் திண்ணையில்தான் அறிந்தேன்.

சிலேட்டுக் கடன் தீர்ந்தது. தூம்பாக் கடன் தீரவில்லை, தீர்க்கவும் முடியாது. அப்பத்தாவை இன்னொரு முறை அடக்கம் செய்ய இயலாது. அதன்பின் நான் பணிசெய்த பங்குகளில், எந்தத் தெருவில் இறப்பு நேர்ந்தாலும் ஒரே தூம்பா, ஒரே வழி, ஒரே கல்லறை வரிசை என்பதில் விட்டுக்கொடுத்ததில்லை. ஓர் இடத்தில் அதற்காக ஆறு மாதம் பலர் கோயிலுக்கு வரவில்லை. அப்பத்தா செய்ததை நினைத்துக்கொண்டு வந்தவர்களுக்குப் பூசை வைத்தேன். ஆயினும் இதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. எங்கள் சொந்த ஊரில் பொதுத் தூம்பா வந்தது என்னால் அன்று. எனக்குப் பின் திருநிலைப்பாடு பெற்ற ஓர் இளங்குருவும், அந்தத் தெற்குத் தெருவில் அறிவொளியில் எழுத்துக் கற்ற பெண்கள் எழுதிக் கொடுத்த ஒரு விண்ணப்பமும் அதைக் கொண்டுவந்தன. அதில் பாதிப் பேர் பழைய வடிவ 'லை' போட்டிருந்தார்கள் என்று அக்குரு சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. புது எழுத்தையே கற்பித்தவர்கள் அப்பத்தா. ஆனால் அப்பெண்கள் தம் டீச்சரின் கடிதங்களையும் கையெழுத்தையும் பார்த்துப் பழகியிருந்திருக்கிறார்கள்.

பட்டியல் இனத்தாருக்குரிய உரிமைகளைத் தலித் கிறிஸ்தவருக்கு மறுக்கும் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையை எதிர்த்து, ஆகஸ்டு 10ஆம் நாளை நாம் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். அது நியாயமான கோரிக்கை. 2016 திசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை நிலவுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதுவும் நன்று. ஆனால் அன்பர்களே, அரசிடம் நீதி கேட்டு நீட்டும் அதே கையால் நம் ஊர்க் கல்லறையின் குறுக்குச் சுவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தால், நம் விண்ணப்பத்தை இறைவன் எப்படி வாசிப்பார்?

திருத்தந்தை பிரான்சிஸ், தம் குருத்துவத் திருநிலைப்பாட்டை ஒட்டித் தம் பாட்டி ரோசா எழுதித் தந்த மடலைத் தம் செபப் புத்தகத்துக்குள் வைத்து அடிக்கடி படித்து வந்தார் என்று அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சியும் வெட்கமும் ஒருங்கே உண்டாயின. நானும் என் அப்பத்தாவின் கடிதத்தைச் செபப் புத்தகத்துக்குள்தான் வைத்திருந்தேன். ஆனால் கடைசி வரி கண்ணில் படாதபடி அதை மடித்து வைத்திருந்தேன். 2025 ஏப்ரல் 21ஆம் நாள் அவர் மறைந்தார் என்ற செய்தியைக் கேட்ட அன்று இரவு, அக்கடிதத்தை எடுத்து மறுபுறமாக மடித்தேன். இப்போது புத்தகத்தைத் திறந்ததும் முதலில் தெரிவது அந்த வரிதான்.

சென்ற நவம்பர் 2, அனைத்து ஆன்மாக்கள் நினைவு நாளன்று சொந்த ஊர்க் கல்லறையில் திருப்பலி நடந்தது. வலையபட்டியிலிருந்து தோழரும் இன்னும் ஐவரும் வந்திருந்தனர். இளங்குரு பலிபீடத்தில் நின்றார். அப்பத்தாவின் கல்லறைக்கு முன்னே மெழுகுதிரி ஏற்றியபடி அவர்கள் அமர்ந்திருந்தனர். உறவினர் என்னை முன்னால் வந்து அமரும்படி அழைத்தனர். அன்று திங்கட்கிழமை இல்லைதான். ஆனாலும் நான் பின்வரிசையில் போய் அமர்ந்தேன்.